‘இல்லை’ என்றால் ஏன் இல்லை?

மூலநிரலாக மென்பொருள் வெளியிடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே,

உங்களில் பெரும்பாலோரின் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் கான்ஃபிகர் கோப்புகளையும் மேக்ஃபைல்களையும் சிமேக் கோப்புகளையும் வரிவரியாகப் படித்திருக்கிறேன். நீங்கள் எழுதிய நிரலை இறக்கி, வயதும் வகையும் வேறுபட்ட கணினிகளில் பில்ட் செய்து, ஓடுகிறதா என்று பார்த்துக் கொடுப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. நிரலுக்குள் நீங்கள் காட்டியிருக்கும் திறமையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கம்பைல் தொடங்குவதற்கு முன் ‘பார்க்கிறேன்... இருக்கிறது, பார்க்கிறேன்... இல்லை’ என்று திரையில் வரிகள் ஓடுமே, அந்தச் சில நிமிடங்களைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே 24 கணினிகள். எல்லாமே பென்டியம், செலரான் ரகம். ஆனால் நன்றாகப் பராமரித்த கணினிகள். படங்களை அலசிப் பார்க்கும் ஒரு நிரல் மாணவர்களுக்குத் தேவைப்பட்டது. முந்தைய இரவு என் புது மடிக்கணினியில் பில்ட் செய்து, நான்கு படங்களைக் கொடுத்துப் பார்த்து, திருப்தியாகப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போனேன். காலையில் முதல் கணினியில் ஓட்டியதும் ஒரே ஒரு வரி: ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’. நிரல் நின்றுவிட்டது. இரண்டாவது கணினியிலும் அதே வரி. கடைசி வரிசை வரை அதேதான். முன் பெஞ்சில் இருந்த மாணவி மெதுவாகக் கேட்டார், “சார், இல்லீகல்னு வருதே, இதுக்கு லைசென்ஸ் வாங்கணுமா?”

அந்தக் கேள்வியில் தவறே இல்லை. திரையில் வந்ததை அவர் அப்படியே புரிந்துகொண்டார். சிபியுவுக்குத் தெரியாத ஒரு கட்டளை நிரலுக்குள் இருக்கிறது என்பதை அந்த இரண்டு சொற்களிலிருந்து எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

அன்று மதியம் நிரலின் சிமேக் கோப்பைத் திறந்தேன். மூன்று வரிகள். ‘எம்ஆர்ச்=நேட்டிவ்’ என்ற ஃபிளாக்கைக் கம்பைலர் ஏற்கிறதா பார்; ஏற்றால் சேர்த்துக்கொள்; இல்லாவிட்டால் விட்டுவிடு. எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். பயன்படுத்துபவர் ஃபிளாக் என்றால் என்னவென்றே தெரியாதவராக இருக்கலாம்; அவருக்கும் முழு வேகம் கிடைக்கட்டும் என்ற அக்கறை அது. ஆனால் அந்த ஃபிளாக்கின் பொருள் ‘நான் இப்போது எந்த சிபியுவில் ஓடிக்கொண்டிருக்கிறேனோ, அதற்கு மட்டும் தைத்துக் கொடு’ என்பது. என் மடிக்கணினியில் இருந்த ஏவிஎக்ஸ்2 கட்டளைகளைக் கம்பைலர் தாராளமாகப் பயன்படுத்திவிட்டது. ஆய்வகத்து செலரானுக்கு அவை தெரியாது.

சோதனை சரியாகத்தான் வேலை செய்தது. இந்த ஃபிளாக் உனக்குத் தெரியுமா என்று கம்பைலரிடம் கேட்டது. தெரியும் என்று கம்பைலர் உண்மையைச் சொன்னது. நிரல் எங்கே ஓடப்போகிறது என்பதை யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

பழைய கணினி வைத்திருப்பவர்களின் பிரச்சினைதானே என்று நினைக்க வேண்டாம். 64-பிட் எக்ஸ்86 சிபியு சந்தைக்கு வந்தது 2003இல். அன்றிலிருந்து எல்லாவற்றிலும் இருக்கும் என்று நம்பக்கூடியது எஸ்எஸ்இ2 வரைதான். 2013இல் ஹாஸ்வெல் வரிசையோடு இன்டெல் ஏவிஎக்ஸ்2வைக் கொண்டுவந்தது. ஆனால் பென்டியம், செலரான் என்று அதே வரிசையில் விற்ற மலிவு சிப்புகளில் அதைத் தரவில்லை. பிறகும் பல ஆண்டுகள் தரவில்லை. ஆகவே தயாரித்த ஆண்டை வைத்து சிபியுவின் வசதியை ஊகிக்க முடியாது. இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் ஏஎம்டி, இன்டெல், ரெட் ஹேட், சூசே ஆகியவை 2020இல் சேர்ந்து எக்ஸ்86-64க்கு நான்கு படிநிலைகளை வகுத்தன. ஏவிஎக்ஸ்2 மூன்றாம் படி. ஜிசிசி 11 முதல் இந்தப் படியின் பெயரையே ஃபிளாக்காகக் கொடுக்கலாம். ரெட் ஹேட் தன் 9ஆம் பதிப்புக்கு இரண்டாம் படியைக் கட்டாயமாக்கியது. டெபியனின் 64-பிட் பதிப்பு இன்னும் முதல் படியிலேயே நிற்கிறது. எந்தப் படி உங்கள் நிரலுக்குப் பொருந்தும் என்பது நீங்கள் யோசித்து முடிவு செய்து, எழுதி வைக்க வேண்டிய விஷயம். என் மடிக்கணினி என்ன சிப் என்பதைப் பார்த்து அந்த முடிவை எடுக்கக்கூடாது.

வேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் நிரலின் நேரத்தில் பெரும்பகுதி பெரும்பாலும் நாலைந்து ஃபங்ஷன்களில்தான் போகிறது. அவற்றை மட்டும் பல வடிவங்களில் கம்பைல் செய்து ஒரே கோப்புக்குள் வைக்க ஜிசிசி 6 முதலே வழி இருக்கிறது: ‘டார்கெட் குளோன்ஸ்’ என்ற குறிப்பை ஃபங்ஷனின் தலையில் எழுதினால் போதும். நிரல் ஏற்றப்படும்போது சிபியு எது என்று பார்த்துப் பொருத்தமான வடிவம் தேர்ந்தெடுக்கப்படும். ஜிலிப்சி தன் மெம்காப்பி போன்ற ஃபங்ஷன்களை நெடுநாளாக இப்படித்தான் தேர்கிறது. ஆனால் மஸ்ல் என்ற சி லைப்ரரியில் இந்த ஏற்பாட்டுக்கு ஆதரவு இல்லை. ஆகவே இதையும் சோதித்துத்தான் சேர்க்க வேண்டும். கம்பைல் ஆவதோடு நிற்காமல் லிங்க் செய்து, ஓட்டியும் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனைப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை இளைய நண்பர்களுக்காகச் சொல்கிறேன். 1991இல் டேவிட் மெக்கென்சி குனு கருவிகள் பலவற்றைப் பராமரித்துக்கொண்டிருந்தார். யுனிக்ஸ் வகைகள் பெருகப் பெருக, மேக்ஃபைலில் பயனர் கையால் தேர்ந்து போட வேண்டிய தெரிவுகள் 20 வரை வந்துவிட்டன. தன் கணினியில் இந்த ஃபங்ஷன் இருக்கிறதா, அந்த ஹெடர் இருக்கிறதா என்று ஒரு பயனருக்கு எப்படித் தெரியும்? அந்தச் சுமையை இறக்கத்தான் அவர் ஷெல் ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்கினார். அது ஆட்டோகான்ஃப் ஆனது. அதற்கு முன்பே லாரி வால் தன் நிரல்களோடு ஒரு கான்ஃபிகர் ஸ்கிரிப்டைக் கொடுத்திருந்தார். அது தானே கண்டுபிடிக்கும், சந்தேகம் வந்தால் பயனரிடம் கேட்கும்.

ஆட்டோகான்ஃபின் அடிப்படைக் கருத்தை நான் இன்றும் மெச்சுகிறேன். கணினியின் பெயரை வைத்து முடிவெடுக்காதே. வேண்டிய வசதியை ஒரு குட்டி நிரல் எழுதிச் சோதித்துப் பார். நீங்கள் கேள்விப்படாத ஒரு சிபியுவில், நீங்கள் கேள்விப்படாத ஒரு ஊரில், யாரோ ஒருவர் உங்கள் நிரலை பில்ட் செய்து ஓட்ட முடிகிறது என்றால் இந்தக் கருத்துதான் காரணம். ராஸ்பெரி பை வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய கான்ஃபிகர் ஸ்கிரிப்ட், ராஸ்பெரி பையில் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி.

குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. குட்டி நிரல் கம்பைல் ஆனால் ‘ஆம்’. ஆகாவிட்டால் ‘இல்லை’. ஏன் ஆகவில்லை என்பதற்கு அந்தப் பதிலில் இடமே இல்லை.

முதலில் பொய்யான ‘ஆம்’. எச்சரிக்கைகளை அடக்கும் ‘டபிள்யூ-நோ’ வகை ஃபிளாக்குகளை உங்களில் பலர் சோதித்துச் சேர்க்கிறீர்கள். ஜிசிசி இந்த வகையில் தனக்குத் தெரியாத பெயரைக் கண்டால் வாயே திறக்காது. நிரலில் வேறு ஏதாவது எச்சரிக்கை எழுந்தால் மட்டும், கூடவே ‘இப்படி ஒரு ஃபிளாக் எனக்குத் தெரியாது’ என்றும் சொல்லும். குட்டிச் சோதனை நிரலில் எச்சரிக்கைக்கு இடமே இல்லை என்பதால் பதில் எப்போதும் ‘ஆம்’. கிளாங் வேறு மாதிரி: தெரியாத எச்சரிக்கை ஃபிளாக்கைக் கண்டால் ஓர் எச்சரிக்கை கொடுத்துவிட்டு வெற்றியோடு முடித்துவிடும். அதற்கும் ‘ஆம்’. ஜிசிசிக்காக ‘நோ’ இல்லாத நேர் வடிவத்தைச் சோதித்துவிட்டு எதிர் வடிவத்தைச் சேருங்கள். கிளாங்குக்காக, தெரியாத ஃபிளாக்கைப் பிழையாக எடுத்துக்கொள் என்று சோதனையின்போது மட்டும் சொல்லுங்கள். இது தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் திறக்கும் கோப்புகளில் பாதியில் இல்லை.

பொய்யான ‘ஆம்’ பெரும்பாலும் சத்தம் போடும். பொய்யான ‘இல்லை’ போடாது. அதனால்தான் எனக்கு அதன்மேல் அதிகப் பயம்.

2020இல் ஆப்பிளின் எக்ஸ்கோட் 12 வந்தபோது, அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பதை அதன் கம்பைலர் பிழையாக எடுத்துக்கொண்டது. 2023இல் கிளாங் 16 அதையே செய்தது. 2024இல் ஜிசிசி 14. நல்ல மாற்றம்தான். 1999ஆம் ஆண்டு சி தரம் நீக்கிய பழக்கத்தை 20 ஆண்டுகளுக்கும் மேல் கழித்துக் கம்பைலர்கள் நீக்கின. ஆனால் பழைய கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகளுக்குள் இருந்த குட்டி நிரல்களை நினைத்துப் பாருங்கள். மெயினுக்கு முன்னால் இன்ட் இல்லை. எக்ஸிட்டை அழைக்கிறது, அதற்கான ஹெடர் இல்லை. இத்தனை ஆண்டுகள் எச்சரிக்கையோடு கம்பைல் ஆகிவந்த அந்த ஆறு வரிகள் ஒருநாள் கம்பைல் ஆகாமல் போயின. சோதிக்க வந்த வசதி அந்தக் கணினியில் இருக்கிறது. சோதிக்கும் நிரல்தான் கெட்டுவிட்டது. ஸ்கிரிப்டுக்கு அந்த வேறுபாடு தெரியாது. ‘இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனது.

பிறகு நடப்பது: மாற்று வழி, மெதுவான வழி, சில சமயம் பாதுகாப்புக் குறைந்த வழி தேர்ந்தெடுக்கப்படுகிறது, பில்ட் வெற்றி, சோதனைத் தொகுப்பும் வெற்றி. எங்கும் சிவப்பு எழுத்து இல்லை. ஜென்டூவின் பேக்கேஜ் கருவி இப்போது கான்ஃபிகர் குறிப்பேட்டைத் துழாவி, இந்த வகைப் பிழை உள்ளே ஒளிந்திருந்தால் கடைசியில் எடுத்துக் காட்டுகிறது. ஃபெடோரா, ஜென்டூ ஆர்வலர்கள் பேக்கேஜ் பேக்கேஜாக உட்கார்ந்து இவற்றைத் திருத்தி உங்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் அனுப்பிய திருத்தம் உங்களில் யாருக்காவது இன்னும் சேர்க்கப்படாமல் கிடந்தால், தயவுசெய்து இந்த வாரம் சேர்த்துவிடுங்கள்.

இது தானாக வந்த விபத்து. இதே ஓட்டையை ஒருவர் வேண்டுமென்றே பயன்படுத்தியதையும் நாம் பார்த்துவிட்டோம்.

2024 மார்ச் கடைசியில், கோப்புகளைச் சுருக்கிப் பிரிக்கும் எக்ஸ்இசட் நிரலின் விவகாரம் வெளியானது. எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைய வழக்கத்தைவிட அரை நொடி அதிகம் ஆகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் நூல் பிடித்துப் போனதில் எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் இருந்த கள்ளக்கதவு வெளிப்பட்டது. டார்பாலில் மட்டும் இருந்த ஓர் எம்4 கோப்பின் வழியாக அது பில்டுக்குள் நுழைந்த கதையை எல்லோரும் பேசினோம். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதன் பக்கத்தில் நடந்த இன்னொரு சின்ன வேலை.

லேண்ட்லாக் என்பது லினக்ஸ் 5.13இல் வந்த வசதி. ஒரு நிரல் எந்தக் கோப்புகளைத் தொடலாம் என்று தனக்குத் தானே வேலி போட்டுக்கொள்ள உதவுகிறது. யாரோ அனுப்பிய சுருக்கப்பட்ட கோப்பைப் பிரிக்கும் நிரலுக்கு அது எவ்வளவு தேவையான வேலி! எக்ஸ்இசட்டின் சிமேக் கோப்பில் அதற்கு ஒரு சோதனை இருந்தது: சில ஹெடர்கள், பிறகு ஒரு சின்ன ஃபங்ஷன். ஹெடர்களுக்கும் ஃபங்ஷனுக்கும் நடுவில் தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வைக்கப்பட்டிருந்தது. வேறொன்றும் இல்லை. திரையில் தூசி என்று துடைக்கப் போகும் அளவுதான் அது. ஆனால் சி மொழியில் அந்த இடத்தில் புள்ளி வரக்கூடாது. எந்தக் கணினியிலும், எந்தக் கம்பைலரிலும் அந்தச் சோதனை தோற்றே தீரும். ஆகவே லேண்ட்லாக் ‘இல்லை’. சிமேக் வழியாக பில்ட் செய்த எல்லோருக்கும் வேலி இல்லாத நிரல் கிடைத்தது. ஒரு பிழைச்செய்தியும் வரவில்லை.

அந்தப் புள்ளியை வைத்தவருக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்திருந்தது. நம் பில்ட் முறையில் தோல்வி என்றால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

நான் உங்களிடம் கேட்க வந்தது இதுதான். ஃபிளாக்குகளையும் வசதிகளையும் உங்கள் ஸ்கிரிப்ட் தானே தேர்ந்தெடுக்கட்டும். ஆனால் ஒன்றை விட்டுவிட்டால், ஏன் விட்டது என்பதை உரக்கச் சொல்லட்டும்.

சந்தையில் எடை போடுபவர் பொருளை வைக்கும் முன் வெறுந்தட்டு நேராக நிற்கிறதா என்று காட்டுவார். ஃபிளாக் சோதனைக்கும் அந்த வெறுந்தட்டு வேண்டும். முதலில் அதே குட்டி நிரலை, ஃபிளாக் இல்லாமல் கம்பைல் செய்யுங்கள். அதுவே தோற்றால் கெட்டுப்போனது உங்கள் சோதனை, அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது வென்று, ஃபிளாக் சேர்த்தபின் தோற்றால்தான் ‘இந்தக் கம்பைலருக்கு இது தெரியாது’ என்ற முடிவுக்கு வரலாம். வசதிச் சோதனையிலும் இப்படி ஒரு வழி உண்டு. ஹெடர் கோப்பு கணினியில் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். ஹெடர் இருந்தும் சோதனை தோற்கிறது என்றால் அது சாதாரண ‘இல்லை’ கிடையாது. மனிதர் ஒருவர் பார்க்க வேண்டிய ‘இல்லை’. லேண்ட்லாக் சோதனைக்கு முன்னால் இப்படி ஒரு கேள்வி இருந்திருந்தால், ஹெடர் உள்ள முதல் கணினியிலேயே அந்தப் புள்ளி அகப்பட்டிருக்கும்.

எல்லாம் கான்ஃபிக்.லாக் கோப்பில் இருக்கிறதே என்று சொல்வீர்கள். இருக்கிறது, உண்மை. கம்பைலர் சொன்ன பிழை, தோற்ற குட்டி நிரலின் முழு வரிகள், எல்லாம் அங்கே உண்டு. ஆட்டோகான்ஃபை வடிவமைத்தவர்கள் இதில் அக்கறையோடு இருந்தார்கள். ஆனால் நல்ல கணினியில் நல்லபடியாக முடிந்த கான்ஃபிகரிலும் அந்தக் கோப்பில் பிழைகள் ஏராளமாக இருக்கும். தோற்று அறிவதுதானே அதன் முறை. எது எதிர்பார்த்த தோல்வி, எது எதிர்பாராதது என்று எனக்குத் தெரியாது. எழுதிய உங்களுக்குத்தான் தெரியும். அந்த அறிவை ஸ்கிரிப்டுக்குள் வையுங்கள்.

மெசான் என்ற பில்ட் கருவியில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஒரு வசதிக்கு ‘வேண்டும்’, ‘வேண்டாம்’, ‘இருந்தால் எடுத்துக்கொள்’ என்று மூன்று நிலை. வேண்டும் என்று நான் சொன்னபின் கிடைக்காவிட்டால் பில்ட் நிற்கும். ஆட்டோகான்ஃபிலும் இதை எழுதலாம். நல்ல திட்டங்கள் எழுதியிருக்கின்றன. ஆனால் நான் ‘வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தும், கிடைக்கவில்லை என்றதும் சத்தமில்லாமல் விட்டுவிட்டுப் போகும் ஸ்கிரிப்டுகளை இன்னும் பார்க்கிறேன். பயனர் கேட்டதைத் தர முடியாவிட்டால் முடியாது என்று சொல்வதுதான் மரியாதை.

அடுத்தது சிஃபிளாக்ஸ். இதில் எனக்கு வருத்தம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மாறி பயனருக்கு உரியது என்று குனுவின் நிரலாக்க நெறிகளே சொல்கின்றன. நான் ஒன்றும் கொடுக்காவிட்டால் ஆட்டோகான்ஃப் ஜிசிசிக்கு ‘ஜி’யும் ‘ஓ2’வும் போட்டுக்கொள்ளும், கொடுத்தால் நான் கொடுத்ததைத் தொடாது. உங்கள் நிரலுக்குக் கட்டாயமான ஃபிளாக்கை வேறு பெயரில் வைத்து, என்னுடையதைக் கடைசியில் சேர்க்க வேண்டும். அப்போதுதான் முரண்பட்டால் என் சொல் நிற்கும். டெபியன் போன்ற டிஸ்ட்ரோக்கள் பாதுகாப்பு ஃபிளாக்குகளை ஆயிரக்கணக்கான பேக்கேஜுகளுக்கு பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான் அனுப்புகின்றன. உங்கள் மேக்ஃபைலில் ‘சிஃபிளாக்ஸ் = ஓ3’ என்று ஒரு வரி எழுதினால் இந்த வழியில் வந்தவை அத்தனையும் வாசலிலேயே விழுந்துவிடும். பில்ட் குறிப்பேட்டைப் படித்து, இந்த ஃபிளாக்குகள் ஒவ்வொரு கோப்புக்கும் உண்மையில் போய்ச் சேர்ந்தனவா என்று பார்க்கத் தனிக் கருவியே டெபியனில் உண்டு. அப்படி ஒரு கருவி தேவைப்பட்டதை யோசித்துப் பாருங்கள்.

ஃபார்ட்டிஃபை சோர்ஸ் என்ற பாதுகாப்பு வரையறையையும் உங்களில் சிலர் தானாகச் சேர்க்கிறீர்கள். நல்ல நோக்கம். ஆனால் உபுண்டுவின் கம்பைலர் அதை ஏற்கெனவே உள்ளே வைத்திருக்கிறது. நீங்கள் வேறு மதிப்போடு மறுபடி வரையறுத்தால் எச்சரிக்கை எழும். எச்சரிக்கையைப் பிழையாக்கும் ‘டபிள்யூ-எரர்’ கூடவே இருந்தால் பில்ட் உடையும். டபிள்யூ-எரரை உங்கள் சொந்த மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியீட்டில் வேண்டாம். அடுத்த ஆண்டுக் கம்பைலர் எந்தப் புது எச்சரிக்கையோடு வரும் என்று இன்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வேக ஃபிளாக்குகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே தவறு உங்கள் நிரலோடு முடிவதில்லை. 2022இல் பைத்தான் உலகில் ஒரு சிக்கல் வெளிப்பட்டது. சில லைப்ரரிகள் ‘ஓ-ஃபாஸ்ட்’ போட்டு பில்ட் ஆகியிருந்தன. அந்த ஃபிளாக்கோடு லிங்க் செய்தால், மிகச் சிறிய தசம எண்களைப் பூச்சியமாக்கிவிடு என்று சிபியுவுக்கே உத்தரவு போடும் ஒரு துண்டு நிரலை ஜிசிசி சேர்த்துவிடும். லைப்ரரியை ஏற்றிய கணமே அது ஓடும். கணக்குக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வலைத்தொடர்பு லைப்ரரியை இறக்குமதி செய்ததால், அதே நிரலில் இன்னொருவர் எழுதிய எண்கணிதத்தின் விடை மாறியது. தன் விடை ஏன் மாறியது என்று அவர் எங்கே போய்த் தேடுவார்? 2023இல் வந்த ஜிசிசி 13 பகிர்வு லைப்ரரிகளுக்கு இந்தத் துண்டைச் சேர்ப்பதை நிறுத்தியது. ஆனால் கம்பைலர் வந்து திருத்தும்வரை நாம் காத்திருந்திருக்க வேண்டியதில்லை. விடையை மாற்றக்கூடிய ஃபிளாக்கை ‘கம்பைலர் ஏற்கிறது’ என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்க்காதீர்கள்.

பல ஃபிளாக்குகளைப் போட்டு அளந்து பார்த்து வேகமானதை எடுக்கும் திட்டங்களும் இருக்கின்றன. குறியாக்க நிரல்களை அளக்கும் சூப்பர்காப், ஒரு பட்டியலில் உள்ள கம்பைலர்-ஃபிளாக் சேர்க்கைகளை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கிறது. அதன் வேலையே அளப்பது, ஆகவே பொருத்தம். டென்னசி பல்கலைக்கழகத்தில் பிறந்த அட்லஸ், அணிக் கணக்குகளுக்காக பில்ட் நேரத்தில் மணிக்கணக்கில் அளந்து தன்னைச் செதுக்கிக்கொள்ளும். சிபியு தன் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தால் அளவு தப்பாகிவிடும் என்று, அதை அணைக்கும்வரை பில்டையே மறுக்கும். அவ்வளவு நேர்மை. ஆனால் டிஸ்ட்ரோவின் பில்ட் சர்வரில் அளந்த அளவு என் மேசைக் கணினிக்குப் பொருந்தாது அல்லவா? எம்ஐடியில் 1997இல் பிறந்த எஃப்எஃப்டிடபிள்யூ அந்த அளவையை நிரல் ஓடும் கணினிக்கே கொண்டுபோனது. ஓடும் இடத்தில் அளந்து, கிடைத்த அறிவைச் சேமித்து அடுத்த முறைக்கு வைத்துக்கொள்கிறது. எனக்கு எஃப்எஃப்டிடபிள்யூவின் வழிதான் பிடித்திருக்கிறது. கேள்வியை, விடை தேவைப்படும் கணினியிடம் கேட்கிறது.

சில இடங்களில் தேர்வே வேண்டாம், ஒன்றை முடிவு செய்துவிடலாம். சார் வகை எக்ஸ்86 லினக்ஸில் குறியுடையது, ஆர்ம் லினக்ஸில் குறியற்றது. கெட்சார் தரும் எண்ணை ஒரு சாரில் வாங்கி, கோப்பு முடிந்ததா என்று ஒப்பிடும் நிரல் உங்கள் கணினியில் ஒழுங்காக நிற்கும். ராஸ்பெரி பையில் முடிவே இல்லாமல் சுற்றும். இதற்காக ‘ஆர்ம் என்றால் இந்த ஃபிளாக்கைப் போடு’ என்று கான்ஃபிகரில் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். நிரலில் இன்ட் என்று ஒரு சொல்லை மாற்றியிருந்தால் போதும். லினக்ஸ் கெர்னல் 6.2இலிருந்து எல்லா சிபியுவுக்கும் குறியற்ற சார் என்று ஒரே ஃபிளாக்கில் முடிவு கட்டிவிட்டார்கள். பிறகு எங்கே பில்ட் செய்தாலும் ஒரே பொருள்.

கான்ஃபிகர் முடியும் இடத்தில் பத்து வரிச் சுருக்கம் ஒன்று அச்சிடுங்கள். எந்தக் கம்பைலர், என் ஃபிளாக்குகள் எவை, நீங்கள் சேர்த்தவை எவை, எந்த சிபியு படிக்காக பில்ட் ஆகிறது, எந்தப் பாதுகாப்பு வசதி விடுபட்டது, கம்பைலர் அதற்குச் சொன்ன காரணத்தின் முதல் வரி என்ன. அன்று அந்த ஆய்வகத்துக்குப் போகும் முந்தைய இரவு, ‘இந்த நிரல் இந்தக் கணினியின் சிபியுவுக்கு மட்டும் பில்ட் ஆகிறது’ என்று கடைசியில் ஒரு வரி வந்திருந்தால் நான் அந்த ஃபிளாக்கை எடுத்துவிட்டு மறுபடி பில்ட் செய்திருப்பேன். ஐந்து நிமிட வேலை. மாணவர்களின் ஒரு காலை வேளை மிஞ்சியிருக்கும்.

அந்தக் கல்லூரி பழைய கணினிகளைக் கழித்தபோது ஒரு செலரானைக் கேட்டு வாங்கிவந்தேன். அது இப்போது என் மேசையின் இடது மூலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு ராஸ்பெரி பை, மஸ்ல் போட்ட இன்னொரு சின்னக் கணினி. உங்கள் அடுத்த வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்னால் டார்பாலை எனக்குக் கொடுங்கள். மூன்றிலும் பில்ட் செய்து, மூன்று கான்ஃபிக்.லாக் கோப்புகளையும், எந்த ‘இல்லை’ எனக்குப் புரியவில்லை என்ற குறிப்பையும் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் நிரல்களை பில்ட் செய்யும் ஒருவன்